முதலில் பேசின பெண்ணின் வீட்டில் ஒரு கிழமை

கலியாணம் முடித்து ஆறு வருஷமாகியும் நானும் இவரும் சோடியாக ஊர் பார்க்கப் போன மிகத் தூரமான இடம் டண்டினொங் சந்தை. வெண்டிக்காய் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் மெல்பேர்னில் நாங்கள் இருக்கிற கிளேட்டனிலிருந்து ரயில் பிடித்துப் போனோம். வெண்டிக்காய் இல்லை. ஒரு பூசணிக்காயை இவர் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தோம். அதுதான் எங்கள் தேன்நிலவு என்று நான் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

அந்தக் குத்தல் கடைசியில் வேலை செய்தது. எழுபத்தேழாம் ஆண்டு லண்டனிலுள்ள தம் தமையனைப் பார்க்கப் போகிற சாட்டில், ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், நாங்கள் இருவரும் தனியாக வேறு எங்காவது சுற்றுவோம் என்று இவர் தாமாகவே சொன்னார். நான் பாரிஸ் என்றேன். இவர் ஆம்ஸ்டர்டாம் என்றார். இவர் மெல்பேர்னில் வடிகால் வேலை பார்க்கும் எஞ்சினியர். கடலுக்குக் கீழே கிடக்கிற ஒரு ஊரைத் தண்ணீர் மூடாமல் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். நல்ல காரணம்தான். ஆனால் அந்த ஊரில் ரதியும் இருந்தாள்.

ரதி யாரென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் இவருக்குப் பேசின பெண். இரண்டு வீட்டுக்கும் தூரத்துச் சொந்தம், சீதனம் எல்லாம் பேசி முடிந்து, சாதகம் பார்க்கக் கொடுத்த இடத்தில் பொருந்தவில்லை. ஏழில் செவ்வாயாம். பேச்சு அதோடு முறிந்தது. ஆறு மாதம் கழித்து என் குறிப்புப் பொருந்தியது, நான் வந்தேன். இதை எனக்குக் கலியாணப் பந்தலிலேயே இவருடைய தங்கச்சி சொல்லிவிட்டாள். மாமி அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலு தரமாவது சொல்லுவா: "ரதிக்கும் தம்பிக்கும் எல்லாம் ஒத்து வந்தது பிள்ளை, சாதகம்தான் காலை வாரிப்போட்டுது." அதாவது கிரகங்கள் கொஞ்சம் கண்ணை மூடியிருந்தால் இவர் அவளிடம் போயிருப்பார். நான் கிரகம் பார்த்துத் தந்த மிச்சம். இந்த ஒரு நினைப்பு ஆறு வருஷமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இவருக்கு அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஹோட்டலில் தங்குவோம் என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி போட்ட நீல விமானக் கடிதம் எனக்கு முந்திக்கொண்டது. "ரதி அங்க தனிய இருக்கிறா, அவவோட நில்லுங்கோ, கடிதம் போட்டிட்டன்" என்று எழுதியிருந்தா. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, தெரிந்த தமிழர் ஒருவர் இருக்கிற ஊரில் ஹோட்டலுக்குப் போனால் அது அவருக்கு முகத்தில் அடித்த மாதிரி. அதற்கு மேல் நான் வாய் திறக்க வழியில்லை. இரண்டு இறாத்தல் வறுத்த மிளகாய்த்தூளும் பெட்டி நிறையச் சேலையும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். எதிரியின் கோட்டைக்குப் போகிறவள் கிழிசலோடு போகலாமா?

சனிக்கிழமை பகல் போய் இறங்கினோம். ரயில் நிலையத்தில் ரதி நின்றாள். ஆறு வருஷமாக என் மனதில் இருந்த ரதிக்கு இடுப்புவரை பின்னல். உண்மையான ரதிக்குத் தலைமயிர் கழுத்தோடு நின்றது. காற்சட்டை, மழைக் கோட்டு, காலில் ஆம்பிளைச் சப்பாத்து. அப்படி இருந்தும் வடிவாக இருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலை கட்டி, மேலே மெல்பேர்ன் குளிருக்கு வாங்கின கம்பளிக் கோட்டைப் போட்டு வேர்த்துக்கொண்டு நின்றேன். ஆனி மாதம் அங்கே கோடை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவளுடைய முதல் வார்த்தை, "நேசன், நல்லா மெலிஞ்சு போனீங்கள்." என் தலையில் இரண்டு இடி விழுந்தது. ஒன்று, நான் சோறு போடவில்லை என்று அர்த்தம். மற்றது, நேசன். இவருடைய பெயரை ஆறு வருஷத்தில் நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். வெள்ளைக்காரர் வீட்டு விசேஷங்களில்கூட "மை ஹஸ்பண்ட்" என்று சமாளித்து வந்தவள் நான். இவள் பிஸ்கட் கேட்கிற மாதிரி பெயரைச் சொல்கிறாள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். வீடு ஒரு வாய்க்கால் கரையில், மூன்றாம் மாடி. அந்த ஊர் வீடுகள் எல்லாம் ஒல்லியாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. உள்ளே இருப்பதைப் படிக்கட்டு என்று சொல்ல மாட்டேன், ஏணி. சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து ஏறினேன். கட்டில், அலுமாரி ஒன்றும் அந்தப் படியால் போகாதாம். ஒவ்வொரு வீட்டு நெற்றியிலும் ஒரு மரத் துலாவும் கொழுக்கியும் இருக்கிறது, கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுப்பார்களாம். இவர் தெருவில் நின்று அந்தக் கொழுக்கியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். ரதி பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னாள். நான் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று இருவருடைய உச்சந்தலையையும் பார்த்தேன். இவருக்கு உச்சியில் வழுக்கை விழுவதை அன்றைக்குத்தான் கண்டேன், அவளும் காணட்டும் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அங்கே ஜன்னலுக்குச் சீலை போட மாட்டார்கள். தெருவில் போகிறவன் உங்கள் மேசையில் என்ன கறி என்று எண்ணிக்கொண்டு போகலாம். மெல்பேர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சல்லடைச் சீலையை விரலால் விலக்கித்தான் பார்ப்பாள். இவர்கள் மறைக்கவே மாட்டார்களா என்று ரதியைக் கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அது எனக்கென்று சொன்ன பதில் போலவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு பாணும் வெண்ணெயும், அதன் மேல் எலிப் புழுக்கை மாதிரிச் சொக்கிலேட் தூவல். ரதிக்குச் சமையல் வராது, அதை ஒளிக்கவும் இல்லை. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில் புட்டு ஒரு பத்து நிமிஷம் பிந்தினால் குசினி வாசலில் வந்து நின்று பெருமூச்சு விடுகிற மனுசன். "நல்லாயிருக்கு, ரதி" என்று மூன்று துண்டு சாப்பிட்டார்.

பிறகு கண்ணாடிக் கூரை போட்ட படகில் வாய்க்கால் சுற்றினோம். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. எங்கள் யாரா ஆறு தலைகீழாக ஓடுகிறது, சேறு மேலே தண்ணீர் கீழே என்று மெல்பேர்ன்காரரே பகிடி பண்ணுவார்கள், அதற்கு இது எவ்வளவோ மேல். கரையோரம் படகுகளிலேயே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு கிழவர் படகின் கூரையில் கதிரை போட்டுத் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன் இருக்கையில் ஒரு டச்சுக் கிழவி தன் புருஷனிடம் ஏதோ முணுமுணுத்தாள், ரதி மெதுவாக மொழிபெயர்த்தாள்: "நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம், இன்றைக்குத்தான் என்னைப் படகில் ஏற்றியிருக்கிறாய்." நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் மதகு பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு விட்டு இறங்கியதும் ஒரு தள்ளுவண்டி. அதில் பச்சை மீன். சமைக்காத, உப்பில் ஊறின மீன். வாலைப் பிடித்து, வெட்டின வெங்காயத்தில் புரட்டி, தலையை நிமிர்த்தி வாய்க்குள் விடுகிறார்கள். ரதி அப்படி ஒன்றை விழுங்கிவிட்டு இவரிடம் ஒன்றை நீட்டினாள். நேற்று வைத்த மீன் குழம்பை இன்று தொட மாட்டேன் என்று என்னிடம் சட்டம் பேசுகிறவர் வாயைத் திறந்தார். மீன் உள்ளே போனது. கண் கலங்கியது, ஆனாலும் "அருமை" என்றார். நான் மரக்கறி மட்டும் தின்கிறவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமைதான் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நாள், ரதி வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் ட்ராமில் ஏறினோம். மெல்பேர்ன் வழக்கப்படி சில்லறையைக் கையில் பொத்திக்கொண்டு கொண்டக்டர் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வந்தது பரிசோதகர். அந்த ஊர் ட்ராமில் கொண்டக்டரே கிடையாதாம், டிக்கெட்டை நாங்களே ஒரு பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டுமாம். இவர் எழுந்து நின்று ஆஸ்திரேலிய ட்ராம் முறையைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தார். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "ஐயா, இங்கே நீங்கள்தான் கொண்டக்டர்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, எங்கள் சில்லறையை வாங்கி, தானே இரண்டு டிக்கெட்டைக் குத்தித் தந்துவிட்டுப் போனார். இறங்கியதும் நானும் இவரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தோம். கலியாணம் முடித்த பிறகு இப்படிச் சிரித்தது எத்தனை தரம் என்று விரல்விட்டு எண்ணலாம். சிரித்து முடிய இவர், "ரதியிட்டக் கேட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். நான் விடுவிடென்று முன்னால் நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை ரதி வேலை முடிந்து வந்து எங்களைப் பூச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். வாய்க்காலில் மிதக்கிற தட்டைப் படகுகளின் மேல் கடைகள். பூவைக் குவித்து வைத்திருக்கிறார்கள், ஒரு முழம் மல்லிகையைக் காணோம். இவரும் ரதியும் முன்னால் தண்ணீர் மட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள், நான் சேலைக் கரை நனையாமல் பின்னால் வந்தேன். ஒரு பூக்காரன் சிவப்புப் பூங்கொத்து ஒன்றை இவர் கையில் திணித்து ரதியைக் காட்டி ஏதோ சொன்னான். ரதி சிரித்தாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. இரண்டாம் தரம் கேட்டதும் சொன்னாள், "எங்க ரெண்டு பேரையும் புருஷன் பெண்சாதி எண்டு நினைச்சிட்டார். அக்காவுக்கு மஞ்சள் பூ வாங்கிக் குடுக்கச் சொல்லுறார்."

அக்கா என்றது என்னை. அவளுக்கு என்னை விட இரண்டு வயது கூட. இவர் சிரித்தார். சிரிக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் நீண்டுகொண்டு போனது. அதன் பிறகு ஒரு இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சோற்றைச் சுற்றி இருபது சின்னக் கிண்ணங்களில் கறி, சம்பல், கச்சான் கடலைக் குழம்பு. மெல்பேர்ன் வந்த நாள் தொடக்கம் கடைச் சாப்பாட்டில் இப்படி உறைப்புக்கு ஏங்கிக் கிடந்தவள், ஒரு வாய் இறங்கவில்லை. எரிச்சல் ஏற்கனவே வயிற்றை நிரப்பியிருந்தது.

புதன்கிழமை சைக்கிளில் போவோம் என்று ரதி சொல்லியிருந்தாள். அந்த ஊரில் குழந்தை, கிழவர், பாதிரியார், நாய்க்குட்டி எல்லாம் சைக்கிளில்தான் போகிறார்கள். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, எங்கள் அப்பா விடவில்லை. இவருக்கும் தனக்கும் ஒவ்வொரு சைக்கிள், நான் ட்ராமில் வந்து அந்தப் பக்கம் சந்திக்கலாம் என்று அவள் திட்டம் வைத்திருந்தாள். நான் ட்ராமில், இவர்கள் சோடியாகச் சைக்கிளில். நல்ல கதைதான். டச்சுப் பெண்கள் பின் கரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதை நான் இரண்டு நாளாகப் பார்த்திருந்தேன். "நான் இவற்ற கரியரில வாறன்" என்றேன். சேலையோடா என்று ரதி கேட்டாள். சேலையோடுதான் என்றேன்.

ஒரு பாலம், இரண்டு பாலம், எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் இவருடைய இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்த ரதிக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இவருக்கு மூச்சு முட்டியது. அந்த நேரம் பார்த்து முன் சில்லு ட்ராம் தண்டவாளத்துக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் மெல்பேர்னில் வேலைக்குப் போகையில் தண்டவாளம் கடக்கிற எஞ்சினியர். நாங்கள் இருவரும் சைக்கிளோடு நடுத்தெருவில் கிடந்தோம். ரொட்டிக் கூடையோடு வந்த ஒரு பெரிய டச்சுக்காரர் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்திவிட்டு, தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும், கூடவே போனால் அது விடாது என்று பாடம் சொன்னார். என்னால் நிற்க முடியவில்லை. வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

வாடகைக் காரில் வீட்டு வாசல் வரை வந்தாயிற்று. மூன்று மாடி ஏணி? தெருவில் இரண்டு பெடியளைக் கூப்பிடலாம், கதிரையில் வைத்துத் தூக்கலாம் என்று ரதி யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் சப்பாத்தைக் கழற்றினார், குனிந்து முதுகைக் காட்டி, "ஏறும்" என்றார். உப்பு மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு ஏறினார். மெலிந்துபோனார் என்று அவள் சொன்ன அதே மனுசன். ஒவ்வொரு தட்டிலும் நின்று இளைத்தார். இறக்கிவிடுங்கோ என்று நான் சொல்ல, "பேசாமல் இரும், மூச்சு விட ஏலாமல் இருக்கு" என்றார். பின்னால் ரதி என் செருப்பையும் இவருடைய சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் இவருடைய தோளுக்கு மேலால் திரும்பி அவளைப் பார்த்தேன். கால் விண்விண்ணென்று இடித்தது, ஆனாலும் அப்படி ஒரு சுகமான ஏற்றம் என் வாழ்க்கையில் இல்லை.

வியாழக்கிழமை ரதி லீவு போட்டு வீட்டில் நின்றாள். இவரும் நிற்கிறேன் என்றார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கட்டிலில் கால் நீட்டிக் கிடக்க, இவர்கள் இருவரும் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டு பழைய கதை பேசுவதா? வடக்கே கடலை மறித்துக் கட்டின பெரிய அணை இருக்கிறதே, அதைத்தானே பார்க்க வந்தீர்கள், போய்ப் பார்த்து வாருங்கள் என்று இவரைப் பஸ்ஸுக்குத் துரத்திவிட்டேன்.

பத்து மணிபோல் பசித்தது. மறுபடியும் சொக்கிலேட் பாண் என்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது. என்னைக் குசினிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகச் சொன்னேன். கதிரையில் இருந்துகொண்டு ஒரு கறி வைக்கக் காட்டித் தருகிறேன் என்றேன். காட்டிக் கொடுக்கிற சாட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதை ரசிப்பதும் நோக்கம். அவள் வெங்காயம் வெட்டினாள். கோடாலியால் விறகு கொத்துவதுபோல் வெட்டினாள். வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்கள் வந்த நாள் தொடக்கம் என்னை எப்பிடிப் பாக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். கோவமில்லை. நேற்று நேசன் உங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினதைப் பாத்தாப் பிறகு, இதைச் சொல்லாமல் விட்டா எனக்குத்தான் பாவம். அந்தச் சாதகம் பொருந்தாமல் போகேல்லை, பவானி. நான்தான் பொருந்தாமல் பண்ணினனான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கத்தியை வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பக் குறிப்புப் பிரதி எடுக்க வேண்டியிருந்ததாம். அவளுடைய தகப்பனுக்குக் கண் மங்கல், மகளுக்கு முத்து முத்தான எழுத்து. அவளையே எழுதச் சொல்லியிருக்கிறார். ஆறாம் இடத்தில் இருந்த செவ்வாயை அவள் ஏழாம் இடத்தில் எழுதிவிட்டாள். ஒரே ஒரு கட்டம்தான். இவர்கள் வீட்டுச் சாத்திரியார் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். எங்கள் ஆட்கள் காரணம் சொல்ல மாட்டார்கள், பொருந்தவில்லை என்று குறிப்பைத் திருப்பி அனுப்புவார்கள். பெண் வீட்டார் ஏனென்று கேட்பதும் மரியாதை இல்லை. திரும்பி வந்த குறிப்பை அவளே அடுப்பில் போட்டாளாம். ஆனால் ஏழில் செவ்வாய் என்ற கதை மட்டும் எப்படியோ ஊரில் கசிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சம்பந்தமும் படியேறவில்லை. யாரோ எரிச்சல்காரர் கட்டிவிட்ட கதையென்று அவளுடைய தாய் இன்றைக்கும் ஊரைத் திட்டுகிறாவாம்.

"அம்மாவுக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும். நேசனிட்டச் சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம்" என்றாள்.

ஆறு வருஷப் பாரம் அந்தக் குசினியில் என் நெஞ்சிலிருந்து இறங்கியது. வேண்டாமென்று எறிந்த ஒருத்திக்கா நான் இத்தனை நாள் பயந்தேன்? சிரிப்பு வந்தது. எழும்பி அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது, கால்தான் விடவில்லை. கறி கொதிக்கும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. உப்புப் பார்க்கக் கரண்டியை வாயில் வைத்தபோது வேறொன்று தலைக்கு ஏறியது. என் புருஷனை இவள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். காரும் வீடும் கேட்காமல், ஒரு கெட்ட பழக்கம் இல்லாமல், பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறின மனுசனை. கிரகத்தை இடம் மாற்றியாவது தப்ப வேண்டுமென்று தோன்றுகிற அளவுக்கு.

"அவரில என்ன குறையைக் கண்டனீங்கள்?" என்று கேட்டேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

ரதி திடுக்கிட்டாள், பிறகு சிரித்துவிட்டாள். "ஒரு குறையும் இல்லை. எனக்கு வெளிநாட்டுக்கு வந்து படிக்க வேணும். வீட்டில அதைச் சொன்னா ஆர் கேப்பினம்? மற்றது, பெண் பாக்க எண்டு வந்தவர், எங்கட கிணத்தைத்தான் பாத்தவர். எத்தனை முழம், கோடையில எவ்வளவு வத்தும் எண்டு அப்பாவோட ஒரு மணித்தியாலம் கதைச்சார். என்னை நிமிந்து பாக்கேல்லை."

எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் இவர் முதலில் கிணற்றைத்தான் பார்த்தார். துலாவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பிறகு நேரே என்னிடம் வந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது. உள்ளே போய் அம்மாவிடம் சம்மதம் என்று சொன்னதும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். இதை நான் ரதிக்குச் சொல்லவில்லை. கிணற்றைப் பார்க்கிற மனுசனை அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் அது அவளுடைய நட்டம்.

பின்னேரம் இவர் மூக்கு நுனி வெயிலில் சிவந்து வந்தார். அணை எத்தனை மைல், எத்தனை மதகு, எந்த வகைக் கல்லு என்று கறியும் சோறும் பிசைந்துகொண்டே சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் "ஓமோ, ஓமோ" என்று கேட்டேன். நடுவில் ரதி கொட்டாவி விட்டாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். அவர் இவ்வளவு தூரம் போய் வந்து சொல்கிறார், இவளுக்கு நித்திரையாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. நான் ஜன்னலோரம் கால் நீட்டியிருந்து, வாய்க்காலில் வாத்துக் குஞ்சுகளும் படகுகளும் போவதைப் பார்த்தேன். மழைக் கோட்டு மாட்டிய ஒரு தாய் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கைப்பிடியில் ஒரு பை என்று சைக்கிள் மிதித்துப் போனாள். இவர் கீழே நின்று கமராவால் அந்தக் கொழுக்கியைப் படம் பிடித்தார், ரதி குடை பிடித்தாள். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை ரயில் நிலையத்தில் அவள் என்னைத்தான் கட்டியணைத்தாள், இவருக்குக் கை கொடுத்தாள். மிச்சமிருந்த மிளகாய்த்தூளை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

மெல்பேர்ன் வந்து ஒரு மாதம் கழித்து இவருடைய ஸ்லைட் படங்கள் கழுவி வந்தன. அந்தக் காலத்தில் கிளேட்டன் பக்கத்தில் எங்கள் ஆட்கள் பத்துக் குடும்பம் இருந்தால் அதிகம். யாராவது வெளிநாடு போய் வந்தால் ஸ்லைட் பார்க்க எல்லோரும் கூட வேண்டும், அது எழுதாத சட்டம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டி அறையை இருட்டாக்கி, சுவரில் திரைக்குப் பதிலாக வெள்ளை வேட்டி தொங்கவிட்டோம். நான் வடையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டுக் கதவோரக் கதிரையில் இருந்தேன். கால் இன்னும் சரியாகவில்லை.

மதகு வந்தது. மதகு வந்தது. அணை பதினொரு தரம் வந்தது. பிறகு பூச் சந்தையில் சிவப்புப் பூங்கொத்தோடு ரதி, வேட்டி முழுக்கச் சிரித்துக்கொண்டு.

"ஆர் தம்பி உந்தப் பிள்ளை?" என்று பூமணி அன்ரி கேட்டா. எங்களுக்குள் மூத்தவ. கேட்கிற கதையை அடுத்த கடிதத்திலேயே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடக் கூடியவ.

இவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு முதல் பேசின பொம்பிளை. எல்லாம் சரிவந்து, சாதகம் பொருந்தேல்லை. பாவம், அவவுக்கு அந்த நேரம் பெரிய கவலையாம், அம்மா சொன்னவ. அதுக்குப் பிறகு அவ கலியாணமே முடிக்கேல்லை."

இருட்டில் நாலைந்து பேர் "ச்சு" கொட்டினார்கள். எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கமானதுதான், கிரகம் தந்த மிச்சத்தைப் பார்க்கிற பார்வை. ஒரு வசனம் போதும். அவள்தான் இவரை வேண்டாமென்றவள் என்று ஒரு வசனம் சொன்னால், அந்தப் பார்வை அத்தனையும் என்னை விட்டு இவர் மேல் போய் விழும். வசனம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஸ்லைட் பெட்டியின் வெளிச்சத்தில் இவருடைய முகத்தைப் பார்த்தேன். மூன்று மாடி என்னைச் சுமந்து ஏறின மனுசன். அவருக்கு வாழ்க்கையில் பெருமைப்பட வாய்க்காலும் மதகும் தவிர இருந்தது இந்த ஒரு கதைதான்.

"ஓம் அன்ரி" என்றேன். "இண்டைக்கும் மறக்கேல்லை. என்னிட்டத் தனியச் சொல்லி அழுதவ."

இவர் சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் ரதியைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. ஆறு வருஷத்தில் நான் சமைத்த எந்தப் புட்டுக்கும், உடுத்த எந்தச் சேலைக்கும் அந்த முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. அவருடைய விரல் பொத்தானில் கிடந்தது, அழுத்தவில்லை. ரதி வேட்டியில் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"பாத்தது காணும்" என்றேன். "அடுத்த படத்தைப் போடுங்கோ."